ஸ்டூடன்ட் குடுத்த நாவல படிச்சுட்டு மூணு வாரமா தூக்கம் இல்ல, எனக்கு என்ன ஆச்சு மேடம்?

கொங்கு பக்கம் ஒரு டவுன்ல இருந்து ஒரு இங்கிலீஷ் டீச்சர் எழுதியிருக்காங்க. வயசு 41, தனியார் மெட்ரிக் ஸ்கூல்ல ஒன்பதாவது பத்தாவதுக்கு கிளாஸ் எடுக்கறாங்க, வீட்டுல கணவர், ஏழாவது படிக்கற ஒரு பொண்ணு. பேர், ஊர் போடல, அடையாளம் தெரியற சில விவரத்த மாத்தியும் இருக்கேன். நீளமான லெட்டர், சாரம் மட்டும் இங்க.

கிளாஸ்ல அதிகம் வாய் தொறக்காத ஒரு ஒன்பதாவது பொண்ணு, சாப்பாட்டு பெல் அடிச்சப்புறம் தயங்கித் தயங்கி வந்து "மிஸ், டைம் இருந்தா இத படிச்சுப் பாருங்க"ன்னு ஒரு புக்க நீட்டியிருக்கா. லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் எழுதின 'ஸ்பீக்', 1999ல அமெரிக்காவுல வந்த டீனேஜ் நாவல். மெலிண்டான்னு ஒரு பொண்ணு, ஹைஸ்கூல் சேர்றதுக்கு முந்தின லீவுல ஒரு பார்ட்டிக்கு போற எடத்துல சீனியர் பையன் ஒருத்தன் அவள பலாத்காரம் பண்ணிடறான், பயந்துபோய் போலீசுக்கு போன் பண்றா, பார்ட்டிய கெடுத்தவன்னு மொத்த ஸ்கூலும் அவள ஒதுக்கிடுது, நடந்தத யார்கிட்டயும் சொல்ல முடியாம கொஞ்சம் கொஞ்சமா பேச்சையே நிறுத்திடறா. "சின்னப் பசங்க புக்குதானே, ஞாயித்துக்கிழமை புரட்டிடலாம்"னு எடுத்த டீச்சர் ராத்திரி ரெண்டு மணிக்கு முடிச்சுட்டு, பாத்ரூம்ல குழாய தொறந்துவிட்டுட்டு அழுதிருக்காங்க.

காரணம் அவங்களே எழுதியிருக்காங்க. 13 வயசுல டியூஷன் சார் ஒருத்தர் அவங்ககிட்ட தப்பா நடந்துக்கிட்டிருக்கார், அம்மாகிட்ட கூட சொன்னதில்ல, கணவருக்கும் தெரியாது, அந்த ஆள் இறந்தும் போயிட்டார். "மறந்துட்டேன்னு நெனச்சேன் மேடம், இப்ப யார் மேல கோவப்படறதுன்னே தெரியல." அந்த ராத்திரிக்கு அப்புறம் மூணு வாரமா சரியா தூக்கம் இல்ல, டான்ஸ் கிளாஸ் விட்டு பத்து நிமிஷம் லேட்டா வந்த மகள கை நீட்டி அடிச்சுட்டாங்க, அந்த செக்‌ஷனுக்குள்ள போனாலே படபடப்பு. புக்க பாத்துட்டு ஸ்டாஃப் ரூம்ல "என்ன மிஸ், வயசு திரும்புதா"ன்னு கிண்டல், வீட்டுல "கதைக்கு போய் யாராவது இப்படி அழுவாங்களா"ன்னு கணவர். அவங்க கேக்கறது இதெல்லாம்: எனக்கு மனநோயா? அந்தப் பொண்ணு ஏன் எங்கிட்ட இத குடுத்தா, சில வரிக்கு கீழ பென்சில் கோடு வேற இருக்கு, அவளுக்கும் ஏதோ நடந்திருக்குன்னுதானே அர்த்தம்? கிளாஸ் லைப்ரரில இந்த புக்க வைக்கலாமா? என் கதைய பொண்ணுங்ககிட்ட சொன்னா அவங்களுக்கு தைரியம் வருமா? கூடவே ஒரு குற்ற உணர்ச்சி, ரொம்ப வருஷம் முன்னாடி கடைசி பெஞ்சுல பேசாமயே உக்காந்திருந்து பாதில டிசி வாங்கிட்டு போன ஒரு பொண்ணு, "அவள டல் ஸ்டூடன்ட்னு நானே ரிமார்க்ஸ் எழுதினேன்"னு.

டீச்சர், முதல்ல அழுகைய பத்தி பேசிடுவோம். 41 வயசுல டீனேஜ் நாவலுக்கு அழுதது அசிங்கம் இல்ல. இது சின்னப் பசங்க புக்குன்னு நீங்க நெனச்சதே பாதிதான் சரி, 2012ல பவ்க்கர்ங்கற, புத்தக விற்பனைய ஆராயற நிறுவனம் அமெரிக்காவுல எடுத்த கணக்குப்படி இந்த மாதிரி நாவல காசு குடுத்து வாங்கறதுல 55 சதவீதம் பேர் 18 வயசு தாண்டினவங்க, அதுலயும் முப்பதுல இருந்து நாப்பத்தி நாலு வரைக்கும் இருக்கற கூட்டம்தான் அதிகம், அதாவது உங்க வயசுக்காரங்க. பெரியவங்களுக்குன்னு எழுதற நாவல்ல இதெல்லாம் நடந்து முடிஞ்சு பல வருஷம் கழிச்சு, ஒரு விளக்கத்தோட, கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லுவாங்க. இங்க அந்தப் பொண்ணு அன்னிக்கு நடக்கறத அன்னிக்கே சொல்றா, நடுவுல பெரியவங்க குரல் எதுவும் கிடையாது. படிக்கற உங்களுக்கும் அந்த நேரத்துக்கு 13 வயசுதான். நீங்க பலவீனமானவங்கன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, எழுதினவங்களுக்கு வேல தெரியும்னு அர்த்தம். அந்த எழுத்தாளரே 13 வயசுல தனக்கு நடந்த பலாத்காரத்த 2019ல 'ஷவுட்'னு ஒரு கவிதை நூலா எழுதினாங்க. ஸ்பீக் வந்து இருபது வருஷம் கழிச்சு. அதனால "இவ்வளவு நாள் வாய மூடிட்டு இருந்தேனே"ன்னு லெட்டர்ல மூணு எடத்துல உங்களையே திட்டியிருக்கீங்களே, அத கொஞ்சம் குறைச்சுக்கோங்க.

ஆனா உங்க லெட்டர ரெண்டாவது தடவ படிச்சப்பதான் எனக்கு ஒண்ணு பட்டுச்சு. உங்கள அடிச்சுப் போட்டது மெலிண்டா மட்டும் இல்ல, அந்த நாவல்ல வர்ற இங்கிலீஷ் டீச்சரும்தான். முடி மூஞ்சிய மறைச்சிருக்க, அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப கூட பசங்க முகத்த பாக்காத டீச்சர், அவங்களுக்கு மெலிண்டா ஒரு கிண்டல் பேரே வெச்சிருப்பா. "என்னையும் என் பசங்க இப்படித்தான் பாக்கறாங்களோ"ன்னு எழுதியிருக்கீங்க. ஆக உள்ள ரெண்டு பேர் அழறாங்க, அந்த 13 வயசு பொண்ணு ஒருத்தி, இத்தன வருஷமா சாக்பீஸ் புடிச்ச டீச்சர் ஒருத்தி. ரெண்டு அழுகைக்கும் மருந்து வேற வேற. நீங்க இப்ப மூணாவதா அந்த ஸ்டூடன்டையும் இதுக்குள்ள சேத்துட்டீங்க, எனக்கு கவலை அங்கதான். உங்களுக்கு நடந்தது உங்களோடது, அவளுக்கு நடந்தது, நடக்காதது எல்லாம் அவளோடது. நான் கீழ எழுதப்போறது பூரா இத பிரிச்சு வைக்கறதுக்குத்தான்.

தூக்கமும் படபடப்பும்

இது மனநோயான்னு கேட்டா, இன்னைக்கு தேதிக்கு அப்படி முத்திரை குத்த மாட்டேன். வருஷக்கணக்கா அமுக்கி வெச்ச ஒரு நினைவு ஏதோ ஒரு வாசனையிலயோ பாட்டுலயோ கதையிலயோ கிளம்பி வர்றதும், கொஞ்ச நாள் தூக்கத்த கெடுக்கறதும், எரிச்சலா வெளிய வர்றதும் மனநலத் துறைல இருக்கற நாங்க அடிக்கடி பாக்கறதுதான். பெரும்பாலும் மெல்ல மெல்ல அடங்கும். ஒரு மாசத்த தாண்டியும் இப்படியே போனா, கனவு, படபடப்பு, அந்த எடத்த அந்த ஆளுங்கள தவிர்க்கறது எல்லாம் குறையாம இருந்தா, வேலையும் வீடும் கெட ஆரம்பிச்சா, அப்ப மனநல டாக்டரையோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டையோ கட்டாயம் பாக்கணும். உங்க விஷயத்துல மாசம் முடியட்டும்னு காத்திருக்க வேண்டாம்னு சொல்லுவேன், ஏன்னா ஏற்கனவே கை குழந்தை மேல போயிடுச்சு.

அந்த அடியில இன்னொரு விஷயமும் இருக்கு. எல்லாத்துக்கும் புக்கு மேலயே பழி போடறீங்க. உங்க மகளுக்கு என்ன வயசு? ஏழாவதுன்னா 12, அடுத்த வருஷம் 13. தனக்கு நடந்த அதே வயச தன் குழந்தை நெருங்கறப்ப பழசு எல்லாம் கிளம்பி வர்றது பெத்தவங்ககிட்ட ரொம்ப சகஜம், பல பேருக்கு அதுதான் காரணம்னே தெரியாது, திடீர்னு டியூஷன நிறுத்துவாங்க, வேன் டிரைவர மாத்துவாங்க, குழந்தைக்கு ஏன்னு புரியாது. நாவல் வராட்டியும் வேற ஏதாவது ஒண்ணு வந்திருக்கும்னுதான் எனக்கு தோணுது. மகள்கிட்ட போய் "அன்னிக்கு உன்னை அடிச்சது தப்பும்மா, நீ லேட்டானது அம்மாவுக்கு பயமாயிடுச்சு, ஆனா அடிச்சிருக்கக் கூடாது"ன்னு சொல்லுங்க. அவ்வளவு போதும். உங்க கதைய இப்ப அவகிட்ட சொல்லணும்னு இல்ல.

நடுராத்திரில அந்த புக்க எடுத்து அதே பக்கங்கள திருப்பித் திருப்பி படிக்கறதா எழுதியிருந்தீங்க. நிறுத்துங்க. படிக்கணும்னு தோணிச்சுன்னா பகல்ல, வீட்டுல ஆள் இருக்கறப்ப, ஒரு பத்து பக்கம். நெஞ்சு அடிச்சுக்க ஆரம்பிச்சா மூடி வெச்சுட்டு எந்திரிச்சு நடங்க, தண்ணில மூஞ்சி கழுவுங்க, ரூம்ல கண்ணுக்கு தெரியற பொருள ஒவ்வொண்ணா பேர் சொல்லுங்க. கேக்க சில்லறத்தனமா இருக்கும், ஆனா மூளைய இந்த ரூமுக்கு இன்னைக்கு தேதிக்கு இழுத்துட்டு வர்றதுக்கு இது உதவும்.

அந்தப் பொண்ணு ஏன் குடுத்தா?

எனக்கு தெரியாது டீச்சர், உங்களுக்கும் தெரியாது. கதை புடிச்சிருந்ததால குடுத்திருக்கலாம். இங்கிலீஷ் நாவல் படிக்கறேன்னு உங்ககிட்ட காட்டிக்க ஆசைப்பட்டிருக்கலாம், அந்த வயசுல புடிச்ச டீச்சர்கிட்ட பேச ஒரு சாக்கு தேடுவாங்க. அவ ஃப்ரெண்டுக்கு ஏதோ நடந்திருக்கலாம். அவளுக்கே நடந்தும் இருக்கலாம். பென்சில் கோட்ட பெரிய சாட்சியா எழுதியிருக்கீங்க, ஆனா அதே லெட்டர்ல முதல் பக்கத்துல பழைய புக் கடை வெல பென்சில்ல போட்டிருக்குன்னும் எழுதியிருக்கீங்க. செகண்ட் ஹேண்ட் புக்குல யார் கோடு போட்டான்னு யாருக்குத் தெரியும்.

அதுக்காக கண்டுக்காம விட்டுடுங்கன்னு சொல்லல. ஒரு புக்க குடுத்துட்டு மூணு வாரமா அவ காத்துட்டு இருக்கா, நீங்க அந்த செக்‌ஷன் பக்கம் போகவே தயங்கறீங்க. குடுக்காமயே இருந்திருக்கலாமோன்னு அவ நெனச்சுட்டு இருக்கலாம். இந்த வாரமே புக்க திருப்பிக் குடுங்க. மூடின ரூம்ல வேண்டாம், வராண்டாவுலயோ கிரவுண்ட் ஓரத்துலயோ, மத்தவங்க கண்ணுக்கு தெரியற ஆனா காதுக்கு கேக்காத எடமா பாத்து, "படிச்சு முடிச்சேன்மா, ரொம்ப பாதிச்சுது. உனக்கு இதுல என்ன புடிச்சுது?"ன்னு கேளுங்க. கேட்டுட்டு சும்மா இருங்க. இங்கிலீஷ் டீச்சருக்கு சும்மா இருக்கறது கஷ்டம்னு தெரியும். "உனக்கும் இப்படி ஏதாவது நடந்துச்சா"ன்னு நேரா கேக்காதீங்க, உங்க கண்ணுல இருக்கற பயம் அவளுக்கு தெரிஞ்சுடும், டீச்சர் தாங்க மாட்டாங்கன்னு மென்னு முழுங்கிடுவா. அவ கதைய பத்தி மட்டும் பேசினா நீங்களும் கதைய பத்தியே பேசுங்க. கடைசில "எதப் பத்தியாவது பேசணும்னா எப்ப வேணா வா"ன்னு ஒரு வார்த்த. நாவல்ல வர்ற டிராயிங் சார் செய்யறதும் ஏறக்குறைய அதேதான், வருஷம் பூரா மெலிண்டாவ ஒரு மரம் வரைய விட்டுட்டு, பேசணும்னா நான் இருக்கேன்னு சொல்லிட்டு, அதுக்கு மேல கிளற மாட்டார்.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க, "யார்கிட்டயும் சொல்லமாட்டேன், சத்தியம்"னு வாக்கு குடுக்காதீங்க. "உன் பாதுகாப்புக்கு தேவைப்பட்டா ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட சொல்ல வேண்டி வரும், ஆனா உனக்கு தெரியாம எதுவும் பண்ணமாட்டேன்"னு சொல்லலாம். ஏன்னு அடுத்து சொல்றேன்.

அவ ஏதாவது சொன்னான்னா

போக்சோ சட்டம் 2012, பிரிவு 19. 18 வயசுக்கு கீழ இருக்கற குழந்தைக்கு பாலியல் குற்றம் நடந்திருக்குன்னு தெரிய வந்தாலோ நடக்கலாம்னு சந்தேகம் வந்தாலோ, தெரிஞ்ச எவரும் லோக்கல் போலீஸ்லயோ சிறார் பிரிவு போலீஸ்லயோ சொல்லியே ஆகணும். சொல்லலேன்னா பிரிவு 21படி ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ ஃபைனோ ரெண்டுமோ. "ஸ்கூல் பேர் கெட்டுடும், நாங்களே பேசி முடிச்சுக்கறோம்"னு கரஸ்பாண்டன்ட் சொல்லலாம், பெத்தவங்களே கைய புடிச்சு கெஞ்சலாம், ஆனா உங்க பொறுப்பு அதோட தீராது. பிரின்சிபல்கிட்ட சொல்லிட்டேன்ங்கறதும் போலீசுக்கு சொன்னதா ஆகாது. நிறைய டீச்சர்ஸ் இந்த ரெண்டுலயும்தான் மாட்டிக்கறாங்க.

நீங்க பயப்படற மாதிரி ஆதாரத்த நீங்க தேட வேண்டியதில்ல. நல்லெண்ணத்துல தகவல் குடுத்தவங்க மேல எந்த வழக்கும் வராதுன்னு அதே பிரிவு 19 சொல்லுது. அவ சொன்னத அவ வார்த்தையிலயே அன்னிக்கே எழுதி தேதி போட்டு வெச்சுக்கோங்க, "எங்க, எப்ப, எத்தன தடவ"ன்னு துருவிக் கேக்காதீங்க, திரும்பத் திரும்ப ஒவ்வொரு டீச்சரும் கேட்டு குழந்தைய நோகடிக்கறதுதான் நம்ம ஸ்கூல்கள்ல நடக்குது. போலீஸ் வாக்குமூலத்த குழந்தையோட வீட்டுலயோ அவ விரும்பற எடத்துலயோ, முடிஞ்ச வரைக்கும் பெண் எஸ்.ஐ., யூனிஃபார்ம் இல்லாம வந்து எடுக்கணும்னு சட்டத்துல இருக்கு, இத அவகிட்டயும் அவங்க அம்மாகிட்டயும் சொன்னீங்கன்னா பாதி பயம் குறையும். முதல்ல யார்கிட்ட போறதுன்னு தெரியலேன்னா 1098 சைல்டு லைன், இல்லேன்னா நம்ம பள்ளிக் கல்வித் துறையோட ஹெல்ப்லைன் 14417.

ஒண்ணும் சொல்லல, வெறும் புக்கு மட்டும்தான்னா? புக் குடுத்தது மட்டுமே புகாருக்கு காரணம் ஆகாது. ஆனா மார்க் திடீர்னு இறங்கறது, ஒரு குறிப்பிட்ட ஆள் பேர் வந்தாலே ஒடுங்கறது, ஃபுல் ஸ்லீவ் போட்டு கைய மறைக்கறது, வீட்டுக்கு போகவே தயங்கறது, இதெல்லாம் சேர்ந்து வந்தா ஸ்கூல் கவுன்சிலர்கிட்டயோ பாதுகாப்பு கமிட்டிலயோ பேசுங்க. 2021க்கு அப்புறம் தமிழ்நாட்டுல ஸ்கூல்கள்ல மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு இருக்கணும்னு அரசு சொல்லியிருக்கு. உங்க ஸ்கூல்ல இருக்கான்னு கேளுங்க. பேப்பர்ல மட்டும் இருந்தாலும் இருக்கும்.

லைப்ரரியும் உங்க கதையும்

ஒன்பதாவது பத்தாவது பசங்களுக்கு இந்த நாவல் கூடாதுன்னு நான் நெனக்கல, அந்த வயசு பொண்ண பத்தி அந்த வயசு பொண்ணுங்களுக்கு எழுதினதுதானே. எழுதின நாட்டுலயே இத ஸ்கூல்ல இருந்து தூக்குங்கன்னு பல தடவ சண்ட நடந்திருக்கு, இங்க ஒரு வாட்ஸ்அப் குரூப் போதும். அதனால தனியா அலமாரில வெச்சுட்டு மாட்டிக்காதீங்க. பிரின்சிபல்கிட்ட இது எதப் பத்தின புக், ஏன் வைக்கறீங்கன்னு நாலு வரி எழுதிக் குடுத்து கையெழுத்து வாங்குங்க. யாருக்கும் கட்டாயப் பாடமா வைக்காதீங்க, ஏன்னா கிளாஸ்ல ஒருத்தி ரெண்டு பேர் உங்கள மாதிரி எதையாவது உள்ள வெச்சுட்டு உக்காந்திருக்கலாம், அவங்கள எழுந்திரிச்சு நின்னு சத்தமா படிக்க வைக்கறது கொடுமை. அட்டைக்கு உள்பக்கம் 1098ம் 14417ம் எழுதி ஒட்டுங்க. இதெல்லாம் அடுத்த டேர்ம்ல. இப்போதைக்கு நீங்களே அந்த புக்க நிதானமா கையில வெச்சுக்க முடியாத நிலமைல இருக்கீங்க, அது வரைக்கும் அதப் பத்தி கிளாஸ் எடுக்க வேண்டாம்.

உங்க கதைய கிளாஸ்ல சொல்றது? இப்ப கூடாதுங்கறதுதான் என் பதில். உங்க எண்ணம் நல்ல எண்ணம், ஆனா இன்னும் கணவர்கிட்டயே சொல்லாத ஒண்ண முதல் தடவையா நாப்பது பசங்க முன்னாடி சொன்னா, நீங்க உடைஞ்சா அவங்கதான் உங்கள தேத்தணும். குழந்தைங்களுக்கு அது பாரம். சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா தெரிஞ்சிடும், திருப்பி எடுத்துக்க முடியாது, உங்க மகளும் அதே ஊர்லதான் படிக்கறா. உங்ககிட்ட வந்து பேசற தைரியம் பொண்ணுங்களுக்கு வர்றதுக்கு உங்க வாழ்க்கைய தொறந்து காட்டணும்னு அவசியம் இல்ல. அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப நிமிந்து முகத்த பாருங்க, நாலு நாளா ஒருத்தி சரியில்லேன்னா "என்னம்மா"ன்னு கேளுங்க. மெலிண்டா ஸ்கூல்ல நிறைய பேர் அதக்கூட செய்யல.

கடைசி பெஞ்சு பொண்ணு விஷயத்துல உங்கள நான் தேத்தவும் மாட்டேன், திட்டவும் மாட்டேன். அவ ஏன் பேசலேன்னு நமக்கு தெரியாது, அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர் வந்துகூட டிசி வாங்கியிருக்கலாம். நாவல படிச்சுட்டு அந்த கண்ணாடியோட பழச பாத்தா பேசாத எல்லாப் பொண்ணுக்கும் அதே காரணம்தான்னு தோணும். ஃபேஸ்புக்ல தேடிப் புடிச்சு மன்னிப்பு கேக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம், அது உங்க மனசு ஆறறதுக்கு அவள தொந்தரவு பண்றது. இந்த வருஷம் ரிமார்க்ஸ் எழுதறப்ப டல்னு எழுதாம என்ன பாத்தீங்களோ அத எழுதுங்க, "கிளாஸ்ல பேசறதில்ல, கட்டுரை நல்லா எழுதறா"ன்னு.

உங்களுக்கு

கணவர்கிட்ட சொல்லணுமான்னு லெட்டர் கடைசில சின்னதா கேட்டிருக்கீங்க, எனக்கு அதுதான் பெரிய கேள்வியா படுது. கடமை இல்ல, சொல்லாம இருக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு, சொல்லலேன்னா ஏமாத்தறதா ஆகாது. ஆனா "கதைக்கு போய் அழறியே"ன்னு அவர் சொன்னது அவருக்கு கதை மட்டும்தான் தெரியுங்கறதால. முதல்ல ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட பேசுங்க, வார்த்தைங்க வெளிய வந்து பழகட்டும், அப்புறம் அவர்கிட்ட எவ்வளவு சொல்லலாம்னு நீங்களே முடிவு பண்ணுவீங்க. அந்த ஆள் செத்துட்டான், கோவத்த எங்க வைக்கறதுன்னு கேட்டீங்களே, அதுக்கும் அங்க எடம் இருக்கு, அவனுக்கு அனுப்பாத லெட்டர் எழுத வைக்கறது கூட உண்டு.

உங்க ஊர்லயே போனா தெரிஞ்சவங்க பாத்துடுவாங்கன்னு தயக்கம் இருந்தா பக்கத்து சிட்டிக்கு போங்க, ஆன்லைன்லயும் பாக்கறவங்க இருக்காங்க, அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு. உடனே பேசணும்னா டெலி மானஸ்ங்கற அரசு மனநல ஹெல்ப்லைன் 14416, நாள் பூரா இருக்கு, காசு இல்ல, தமிழ்லயே பேசலாம். இனி இருக்கவே வேண்டாம்ங்கற மாதிரி எண்ணம் எப்பவாவது வந்தா அந்த நம்பருக்கு அந்த நிமிஷமே போடுங்க, காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க. போறப்ப ஃபீஸ், எந்த மாதிரி தெரபி, உங்களுக்கு நடந்த மாதிரி மனசுல காயம் பட்ட (trauma) கேஸ் பாத்த அனுபவம் இருக்கா, இதெல்லாம் கூச்சப்படாம கேளுங்க. முதல் நாளே 13 வயசுல நடந்தத சொல்லணும்னு யாரும் எதிர்பாக்க மாட்டாங்க, "ஒரு நாவல் படிச்சேன் மேடம், அதுல இருந்து தூக்கம் இல்ல"ன்னு ஆரம்பிச்சா போதும், எங்களுக்கு அங்க இருந்து கேக்கத் தெரியும்.